உப்பு மட்டும்

சம்பளப் புத்தகத்தில் அவனுக்குப் பெயர் வைத்தது நான்தான்.
எண்பத்திரண்டு ஆவணி. கஸ்தூரியார் வீதிச் சைவக்கடை.
முதலாளி கதிர்காமத்தம்பி
கல்லாவில் குனிந்து என் காதுக்குள் சொன்னார்:
"குருநகர்ப் பொடியன். பொனிப்பாஸ் எண்டு எழுதாதை,
சனம் தோசையைத் திருப்பி அனுப்பும்."
பொன்னையா என்று எழுதினேன்.
அவன் எட்டிப் பார்த்து
"பரவாயில்லை அண்ணை, முதலெழுத்து ஒண்டுதானே" என்றான்.

ஆறு மாதம் கோப்பை கழுவினான்.
பிறகு தேங்காய். பிறகு வெங்காயம்.
உழுந்து அரைபடும் சத்தத்தைக் கேட்டே
"தண்ணி காணாது" என்று அடுத்த அறையிலிருந்து சொல்லுவான்.
வாழைப்பூவில் நரம்பு இழுக்கும் விரல்களில்
வலைமுடிச்சு அவிழ்க்கும் பழக்கம் இருந்தது.

பெரிய சமையல்காரர் கோபித்துக்கொண்டு
கொடிகாமம் போய்விட்ட ஒரு திருவெம்பாவைக் காலை
அகப்பை அவன் கைக்கு வந்தது.
நூற்றைம்பது பேருக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி.
சோறு இரண்டாந்தரம் கேட்டார்கள்.
எனக்குக் கல்லாவில் சில்லறை முடிந்தது.

தொண்ணூற்றைந்து ஐப்பசி, ஊரே தெருவில் நடந்த மழை இரவு
நான் கல்லாப்பெட்டியைத் தூக்கினேன்
அவன் தாச்சியைத் தூக்கினான்.
மீசாலைப் பள்ளிக்கூடத்தில் தாச்சிதான் பயன்பட்டது.
பன்னிரண்டு நாளும் பூசணிக்காய்.
பன்னிரண்டும் வேறு வேறு கறி.
அந்த வரிசையில் ஒருவரும்
சமைக்கிறவன் பெயரைக் கேட்கவில்லை.

அங்கேதான் யாரோ ஒரு பை கருவாடு கொண்டுவந்து தந்தார்கள்.
அவன் அதைத் தொடவில்லை.
"நீ சைவமில்லையே, உனக்கென்ன?" என்றேன்.
அடுப்பைப் பார்த்தபடி சொன்னான்:
"தம்பி அருளப்பு மண்டைதீவுப் பக்கம் வலைபோடப் போனவன்.
வள்ளம் வந்தது."
கொஞ்சம் விறகு தள்ளினான்.
"அதுக்குப் பிறகு கடலிலயிருந்து வாறதில
உப்பு மட்டும்தான் என்ரை வாய்க்குள்ள போகும்."

பிறகு நான் அதைப்பற்றிக் கேட்டதில்லை.
அவன் உப்பு அள்ளும்போது
ரசீதுக் கட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் சனிக்கிழமைக் கூழ் தொடங்கினான்.
ஒடியல்மா, பலாக்கொட்டை, மரவள்ளி,
பயற்றங்காய், முருங்கையிலை, பழப்புளி, செத்தல்.
மீனில்லை, நண்டில்லை.
"நண்டில்லாத கூழும் ஒரு கூழோ" என்று சிரித்த ஊர்
நாலாம் சனி வீதிவரைக்கும் வரிசையில் நின்றது.
ஐந்தாம் சனி கோயில் தர்மகர்த்தா சிவக்கொழுந்தர் வந்தார்.
ஒரு மிடறு. கோப்பையைத் தள்ளிவைத்தார்.
"இதுக்குள்ள மீன் கிடக்கு."

கடை முழுக்கக் கரண்டிகள் நின்றன.
முதலாளியின் மகன் பானையைச் சரித்துத் தேடினான்.
பலாக்கொட்டைதான் அகப்பட்டது.
பொனிப்பாஸ் ஈரக்கையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.
மரியாதையாகத்தான் கேட்டான்:
"ஐயா, மீன்ரை ருசி ஐயாவுக்கு எப்பிடித் தெரியும்?"

மின்விசிறி சுற்றியது.

அடுத்த சனி அவர் வீட்டுத் தூக்குச்சட்டி
வேலைக்காரப் பொடியன் கையில் வந்தது, மூடி இறுக்கி.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அது மணத்தது.
மீனல்ல.
மீன் நின்ற இடம்.

இப்போது அவன் ஸ்டேஷன் வீதியில்
லிப்ட் வைத்த ஹோட்டலில்.
வெள்ளைக் கோட்டு, உயரத் தொப்பி;
தொப்பி புகைபோக்கியில் முட்டுதாம்.
பெயர்ப்பட்டி அடிக்கப் பெயர் கேட்டார்களாம், எனக்குப் போன் எடுத்தான்:
"அண்ணை, பொன்னையாவுக்கு
இருபத்தொன்பது வருசச் சேமலாப நிதி கிடக்கு.
பொனிப்பாஸுக்கு ஒண்டுமில்லை.
எந்தப் பேரைக் குடுக்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
சொல்லவில்லை.
அவன் நெஞ்சில் எது எழுதியிருக்கிறதென்று பார்க்க
நான் அங்கே போய்ச் சாப்பிடவேண்டும்.
ஒரு கூழ் ஆயிரத்து எண்ணூறு ரூபாயாம்.